அறுபதும் பத்தும் சந்திக்கும் இடம்: அறுபதடிமான எண்முறை, அன்றும் இன்றும்

2025 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன் சுதந்திரத்தின் 60 ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. நாட்காட்டி பார்க்கும் பழக்கம் உள்ளவர்களின் கண்ணில் அப்போது இரண்டு பொருத்தங்கள் பட்டிருக்கும். நாடு பிறந்த 1965 ஆகஸ்ட் 9, தமிழ் ஆண்டுக் கணக்கில் விசுவாவசு; 2025 ஆகஸ்ட் 9உம் விசுவாவசு. சீன நாட்காட்டியிலும் அவ்விரண்டும் மரப் பாம்பு ஆண்டுகள். மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 நொடி, நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு ஆறு அறுபதான 360 பாகை என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், இவை அனைத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்றுதான் தோன்றும்.

ஆனால் இங்கே மூன்று தனித்தனிச் செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அறுபதை அடிமானமாகக் கொண்டு எண்களை எழுதும் முறை. இரண்டு, ஓர் அளவை அறுபது கூறுகளாகப் பிரிக்கும் வழக்கம். மூன்று, அறுபதில் ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும் பெயர்வட்டம். இவற்றைப் பிரித்துத் தெரிந்துகொண்டால், பஞ்சாங்க நேரத்துடன் இரண்டரை மணி கூட்ட வேண்டுமா என்ற கேள்விக்கும், சம்பளச் சீட்டில் 2.45 மணி என்று இருந்தால் என்ன பொருள் என்ற கேள்விக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடும்.

அடிமானம் என்றால் என்ன?

365 என்று எழுதும்போது மூன்று நூறு, ஆறு பத்து, ஐந்து ஒன்று என்று வாசிக்கிறோம். இடப்பக்கம் ஓர் இடம் நகர்ந்தால் மதிப்பு பத்து மடங்காகிறது. இந்தப் பத்துதான் அடிமானம். இடத்தைப் பொறுத்து இலக்கத்தின் மதிப்பு மாறுவது இடமதிப்பு.

அடிமானத்தை அறுபதாக மாற்றினால், ஓர் இடம் நகரும்போது மதிப்பு அறுபது மடங்காகும். இடங்கள் 1, 60, 3600, 2,16,000 என்று வளரும். 365 என்பது ஆறு அறுபதும் ஐந்தும்; எனவே 6,5. பத்தாயிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு 3600, நாற்பத்தாறு 60, மிச்சம் 40. ஆகவே 2,46,40. இதே கணக்கை வேறு பெயரில் எல்லோரும் போட்டிருக்கிறோம்: பத்தாயிரம் நொடி என்பது 2 மணி 46 நிமிடம் 40 நொடி.

முழு எண்ணுக்குக் கீழே இறங்கினால் 1/60, 1/3600, 1/2,16,000 என்று கூறுகள் சிறுத்துக்கொண்டே போகும். முழு எண்ணையும் கூறுகளையும் பிரிக்க ஆய்வாளர்கள் அரைப்புள்ளி இடுவது வழக்கம். 1;30 என்றால் ஒன்றரை. இந்தக் கட்டுரையிலும் அதையே பின்பற்றுகிறேன்.

களிமண்ணில் எழுதிய கணக்கு

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் வாழ்ந்த சுமேரியர்கள், கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் இறுதியிலேயே 1, 10, 60, 600, 3600 ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் வைத்திருந்தார்கள். அது வெறும் குறிகளின் தொகுப்பு. இடமதிப்பு இன்னும் வரவில்லை. கி.மு. 2000ஐ ஒட்டித்தான் முழுமையான இடமதிப்பு முறை உருவானது. அதன் பின் வந்த பழைய பாபிலோனியக் காலத்துப் பள்ளிகளில் அது அன்றாடப் பாடமாகிவிட்டது.

ஈரக் களிமண்ணில் நாணற்குச்சியால் அழுத்தினால் விழும் இரண்டே தடங்கள் போதும். நிமிர்ந்த ஆப்பு வடிவத் தடம் ஒன்று. மூலை போன்ற தடம் பத்து. இவற்றை அடுக்கியே 1 முதல் 59 வரை எழுதிவிடலாம். அறுபது வந்ததும் மீண்டும் அதே நிமிர்ந்த ஆப்பு, ஓர் இடம் தள்ளி. ஆகவே அந்த முறைக்குள்ளேயே பத்து குடியிருந்தது. அறுபதைப் பேசும் நாம் இதை மறக்கக் கூடாது.

அம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. வெற்றிடத்தைக் காட்டும் குறி நெடுங்காலம் இல்லை, கி.மு. 300ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில்தான் இட நிரப்பியாக ஒரு குறி வழக்கத்துக்கு வந்தது. முழு எண் எங்கே முடிகிறது, கூறு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் புள்ளி கடைசி வரை வரவில்லை. ஒற்றை ஆப்பு 1ஆக இருக்கலாம், 60ஆக இருக்கலாம், 1/60ஆகவும் இருக்கலாம். சூழ்நிலையை வைத்துத்தான் அறிய வேண்டும். புள்ளி எங்கே விழுகிறது என்ற இந்தச் சிக்கல் நாலாயிரம் ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூர் அலுவலகங்களிலும் வரப்போகிறது.

இந்தக் குறைகளோடும் அவர்கள் எட்டிய துல்லியம் வியக்க வைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பாபிலோனியச் சேகரிப்பில் 7289 என்ற எண் கொண்ட களிமண் பலகை ஒன்று உள்ளது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. காலம் ஏறத்தாழ கி.மு. 1800 முதல் 1600 வரை. அதில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் கீறப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் மேல் 30. மூலைவிட்டத்தின் மேல் 1, 24, 51, 10. அதன் கீழ் 42, 25, 35.

முதல் வரிசையைப் பிரித்தால், 1 + 24/60 + 51/3600 + 10/2,16,000. கூட்டினால் 1.41421296. இரண்டின் வர்க்கமூலம் 1.41421356. பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேறுபாடு இல்லை. அதை 30ஆல் பெருக்கினால் 42;25,35, அதாவது 30 அலகுப் பக்கம் கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம். பயிற்சிக்காக ஒரு மாணவர் எழுதிப் பார்த்த பலகையாகவே இது இருக்கக்கூடும் என்பது அறிஞர்களின் கருத்து.

ஏன் அறுபது?

ஒரு கையின் பன்னிரண்டு விரற்கணுக்களை மறு கையின் ஐந்து விரல்களால் பெருக்கினார்கள் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாக இருந்தாலும், சுமேரியர்கள் அப்படித்தான் எண்ணினார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. எடை, அளவைகளிலிருந்து தொடங்கும் விளக்கமே எனக்கு வலுவாகத் தெரிகிறது. மெசபடோமியாவில் 60 ஷெக்கல் ஒரு மினா. 60 மினா ஒரு டாலந்து. தானியத்தையும் வெள்ளியையும் பங்கிடும் கணக்கர்களுக்கு மீதியின்றி வகுபடும் எண் தேவைப்பட்டது.

அறுபதை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 ஆகிய பன்னிரண்டு எண்கள் மீதியின்றி வகுக்கும். ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் இதுதான். நூறுக்கு ஒன்பது வகுஎண்களே உண்டு. அவற்றில் 3 இல்லை. பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதப் போனால் 0.333 என்று முடிவில்லாமல் ஓடும். அறுபதடிமானத்தில் அது 0;20. ஒன்பதில் ஒரு பங்கு 0;6,40. எட்டில் ஒரு பங்கு 0;7,30.

பாபிலோனியர்களுக்கு இது அழகுக்காகக் கிடைத்த வசதி அல்ல. அவர்கள் வகுத்தலைப் பெருக்கலாக மாற்றிச் செய்தார்கள். எட்டால் வகுக்க வேண்டுமா? எட்டின் தலைகீழி, அதாவது எட்டில் ஒரு பங்கு, 7,30 என்று வாய்பாட்டில் இருக்கும். அதனால் பெருக்கினால் போதும். 2, 3, 5 ஆகிய காரணிகள் மட்டும் கொண்ட எல்லா எண்களுக்கும் இது பலிக்கும். ஏழுக்குப் பலிக்காது: 1/7 என்பது 0;8,34,17,8,34,17 என்று சுழன்றுகொண்டே இருக்கும். அவர்களுடைய வழக்கமான தலைகீழி வாய்பாடுகளில் ஏழுக்கு இடமே இல்லை.

வானத்துக்குப் போன அறுபது

சந்தைக் கணக்கில் பிறந்த முறை நிலைத்து நின்றது வானியலில்தான். பாபிலோனிய வானியலர்கள் சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டு ராசிகளாகவும் ஒவ்வொரு ராசியை 30 பாகைகளாகவும் பிரித்தார்கள். கிரேக்கர்கள் அந்த 360ஐ அப்படியே ஏற்றார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, 60 கூறு ஆரம் கொண்ட வட்டத்தில் அரைப் பாகைக்கு ஒன்றாக நாண் அளவுகளை அட்டவணையிட்டார். கூறுகள் எல்லாம் அறுபதடிமானத்தில்.

இந்தியாவிலும் இதே பகுப்பு வேரூன்றியது. பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை. வட்டம் முழுவதும் 21,600 கலை. அதை இரண்டு பையால் (2π) வகுத்தால் கிட்டத்தட்ட 3438. ஆரியபட்டர் தம் சைன் அட்டவணையில் ஆரத்துக்கு எடுத்துக்கொண்ட எண் இதுவே. அவர் தம் வயதைச் சொன்ன விதத்திலும் அறுபது இருக்கிறது: யுகத்தில் அறுபது அறுபதாண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்கிறார். 3600 கலியாண்டுகள் நிறைந்த அந்த ஆண்டு கி.பி. 499.

பிறகு இம்முறை அரபு, பாரசீக அறிஞர்களின் கைக்குச் சென்றது. சமர்கந்தில் பணியாற்றிய அல்-காஷி 1424இல் இரண்டு பையின் மதிப்பை அறுபதடிமானத்தில் ஒன்பது இடங்கள் வரை கண்டார்; பத்தடிமானத்தில் அது பதினாறு இடத் துல்லியம். ஐரோப்பாவில் இந்திய எண்களைப் பரப்பிய பிபொனாச்சியே 1225இல் ஒரு முப்படிச் சமன்பாட்டின் விடையை 1;22,7,42,33,4,40 என்று அறுபதடிமானத்தில்தான் தந்தார். தசமப் புள்ளி பரவும் வரை நுண்ணிய வானியல் கணக்குக்கு இதுவே முதன்மையான கருவி.

தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அறுபது

சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு விநாழிகைக்கு 60 தற்பரை. நாளை 24 மணியாகவும் மணியை 60 நிமிடமாகவும் பிரித்தால் 1440 நிமிடம். நாளை 60 நாழிகையாக்கி ஒவ்வொன்றையும் 24 நிமிடம் என்று கொண்டாலும் அதே 1440. ஆகவே ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 நொடி, இரண்டரை நாழிகை ஒரு மணி. பஞ்சாங்கத்தில் "வி." என்ற சுருக்கம் இந்த 24 நொடி அளவைத்தான் குறிக்கிறது, கடிகார நொடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

நாளை அறுபதாகப் பிரிக்கும் இந்த வழக்கம் வேதாங்க ஜோதிடம் என்ற பழைய வானியல் நூலிலேயே இருக்கிறது. கிரேக்க வானியல் இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய அடுக்கு அது. அதற்கும் பாபிலோனுக்கும் தொடர்பு உண்டா என்பதில் அறிஞர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். கோணத்தைக் கலை, விகலை என்று பிரிப்பதோ பிற்பாடு கிரேக்க வானியலோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது பிழை.

இதில் தமிழுக்கென்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. அது பள்ளிப் பாடங்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை என்பது என் ஆதங்கம். வாக்கியப் பஞ்சாங்கக் கணிதத்தில் சந்திரனின் நிலையை அறிய 248 வாக்கியங்கள் உண்டு, நாளுக்கு ஒன்றாக. பூமிக்கு அருகே வந்து விலகும் சந்திரன் ஒன்பது சுற்று முடிக்க ஏறத்தாழ 248 நாள் ஆகும். அதன் பிறகு வரிசை மீண்டும் தொடங்கும். வாக்கியங்கள் எழுத்துக்கு எண் தரும் கடபயாதி முறையில் அமைந்தவை. முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:". எழுத்துகளுக்குரிய எண்கள் 3, 0, 2, 1. வலமிருந்து இடமாக வாசித்தால் 1203, அதாவது 12 பாகை 03 கலை. முதல் நாளில் சந்திரன் நகர்ந்த தொலைவு அது. பாகையும் கலையும் அறுபதில் பிரிந்தவை. அவற்றைச் சுமக்கும் எழுத்தெண்களோ பத்தடிமானம். இரண்டு அடிமானங்களும் ஒரே வரியில் பிசகின்றி உட்கார்ந்திருக்கின்றன.

1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவு செய்தார். காகிதமோ எழுத்தோ இல்லை. தரையில் சோழிகளை அடுக்கியும் மனப்பாட வாக்கியங்களைச் சொல்லியுமே அந்தக் கணக்கர் விடை கண்டார். வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கெபவர் 1952இல் இந்தப் பதிவை ஆராய்ந்து, இதே 248 நாள் சுற்று பாபிலோனியக் கணிதத்திலும் இருப்பதை எடுத்துக்காட்டினார். மெசபடோமியாவில் களிமண்ணோடு புதைந்துபோன கணித வழி ஒன்று, தமிழ்க் கணக்கர்களின் நாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை புழங்கியிருக்கிறது.

அறுபது ஆண்டு வட்டம் வேறு

பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்கள் எண் எழுதும் முறை அல்ல, பெயர்களின் சுழற்சி. அதற்கு வியாழன் அடிப்படை. வியாழன் ராசிமண்டலத்தைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. இரண்டும் சேர்ந்து பொருந்தி வருவது 60 ஆண்டுக்கு ஒரு முறை. துல்லியமாகப் பார்த்தால் வியாழனுக்கு 11.86, சனிக்கு 29.46 ஆண்டு என்பதால் இந்தப் பொருத்தம் தோராயமானதுதான்.

சீனர்களின் அறுபது வேறொரு வழியில் வந்தது. பத்து "வானத் தண்டுகள்", பன்னிரண்டு "பூமிக் கிளைகள்" என்ற இரு வரிசைகளும் ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாக நகரும். 10க்கும் 12க்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஆகவே அறுபது சேர்க்கைகள் முடிந்ததும் முதல் சேர்க்கை திரும்பும். பாம்பு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும். மரப் பாம்பு அறுபது ஆண்டுக்கு ஒரு முறை.

1965க்கும் 2025க்கும் ஆண்டுப் பெயர் ஒத்துப்போனதில் மறைபொருள் தேட வேண்டியதில்லை. எந்த ஆண்டைத் தொட்டாலும் அறுபது ஆண்டு கழித்து அதே பெயர் வரும். மணிவிழாக் காணும் எவருக்கும் இது பொருந்தும். இருவேறு பண்பாடுகள் இருவேறு வழியில் அதே எண்ணை அடைந்தன என்பதும், அவ்விரு பண்பாட்டு மக்களும் ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள் என்பதும்தான் இதில் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

சிங்கப்பூர்க் கடிகாரமும் சூரியனும்

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. எனவே 15 பாகைக்கு ஒரு மணி. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஒரு கலைக்கு 4 நொடி. இடத்துக்கும் காலத்துக்கும் அறுபதே பொது என்பதால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. சிங்கப்பூரின் தீர்க்கரேகையைக் கிழக்கு 103 பாகை 51 கலை 16 விகலை என்று கொள்வோம்.

1. 103 பாகையில் ஆறு முறை 15 போக மிச்சம் 13. ஆகவே 6 மணி, மேலும் 52 நிமிடம்.
2. 51 கலைக்கு 204 நொடி. அதாவது 3 நிமிடம் 24 நொடி.
3. 16 விகலைக்கு ஏறத்தாழ ஒரு நொடி.

கூட்டினால் 6:55:25. சூரியனை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர் கிரீன்விச்சைவிட இவ்வளவுதான் முந்தி இருக்கிறது. பழைய சிங்கப்பூர்ச் சராசரி நேரமும் இதுவே. 1905இல் அது முழுதாக 7 மணி ஆக்கப்பட்டது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் தோக்கியோ நேரமான 9 மணி. போருக்குப் பின் ஏழரை மணி. 1982 ஜனவரி 1 முதல் 8 மணி. ஆகவே நம் கைக்கடிகாரம் சூரியனைவிட 1 மணி 4 நிமிடம் 35 நொடி முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கல்ல, சராசரியாக ஒரு மணி ஐந்து நிமிடத்தை ஒட்டி. ஏழு மணிவாக்கில் விடிவதும் ஏழு மணிவாக்கில் அந்தி சாய்வதும் இதனால்தான்.

தேக்காவில் வாங்கிய தினசரிக் காலண்டர் இந்தியாவுக்காகக் கணிக்கப்பட்டதாக இருந்தால் குழப்பம் இங்கே தொடங்குகிறது. இந்திய நேரம் 82 பாகை 30 கலைக்கு உரியது, அதாவது ஐந்தரை மணி. சிங்கப்பூர் அதைவிட இரண்டரை மணி முந்தி இருக்கிறது. எதனுடன் அந்த இரண்டரையைக் கூட்டுவது?

1. திதி, நட்சத்திரம் முடியும் நேரம், சந்திர கிரகணத்தின் தொடக்கம், கிரகப்பெயர்ச்சி ஆகியவை வானில் நிகழ்பவை. உலகம் முழுவதற்கும் ஒரே கணம். இவற்றுடன் இரண்டரை மணி கூட்ட வேண்டும்.
2. இராகு காலம், எமகண்டம், குளிகை போன்றவை அந்தந்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடப்படுபவை. இவற்றுடன் இரண்டரையைக் கூட்டவே கூடாது. உதயம் முதல் அத்தமனம் வரையிலான பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமை இராகு காலம் இரண்டாம் பங்கு. உதயம் காலை 6 என்று வைத்து அச்சிட்ட காலண்டரில் அது 7:30 முதல் 9 வரை. உதயம் 7 மணியாக இருக்கும் நாளில் சிங்கப்பூரில் அது 8:30 முதல் 10 வரை. இங்கு உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6:45க்கும் 7:15க்கும் இடையே நகர்வதால், இந்த நேரமும் அதோடு சேர்ந்து நகரும்.
3. நாழிகையில் தந்த திதியை முதலில் மணியாக்க வேண்டும். "18-45" என்றால் 18 நாழிகை 45 விநாழிகை, அதாவது பதினெட்டே முக்கால் நாழிகை. 24ஆல் பெருக்கினால் 450 நிமிடம், ஏழரை மணி. பஞ்சாங்கம் கணிக்கப்பட்ட ஊரில் உதயம் 6 மணி என்றால் திதி முடிவது இந்திய நேரம் பகல் 1:30க்கு; சிங்கப்பூரில் மாலை 4 மணிக்கு. 18-45ஐத் தசமமாக 18.45 என்று நினைத்துப் பெருக்கினால் ஏழு நிமிடம் பிசகும்.

புள்ளி விழும் இடம்

இன்று நாம் பயன்படுத்துவது தூய அறுபதடிமானம் அல்ல. நாள்களைப் பத்தில் எண்ணுகிறோம். நாளை 24ஆகப் பிரிக்கிறோம். அடுத்த இரண்டு படி மட்டும் அறுபது. நொடிக்குக் கீழே மீண்டும் பத்துக்குத் திரும்பி, நூறில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு என்கிறோம். அறுபது மிச்சமிருப்பது இடையில் ஒரு சிறு துண்டாக. பிழைகள் எல்லாம் அந்தத் துண்டின் இரு ஓரத்திலும்தான் நடக்கின்றன.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சம்பளக் கணக்கு. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதிக்குள் வரும் ஊழியர்களுக்குக் கூடுதல் நேர வேலைக்கு அடிப்படை மணிநேரச் சம்பளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும். ஒருவர் தினமும் 2 மணி 45 நிமிடம் கூடுதலாக வேலை செய்கிறார் என்று கொள்வோம். அது 2.75 மணி. நேர அட்டையில் 2.45 என்று எழுதி, அதை அப்படியே சம்பள விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பது 2 மணி 27 நிமிடத்துக்கான கூலி. நாளுக்கு 18 நிமிடம் காணாமல் போகிறது. 22 நாளில் 396 நிமிடம், அதாவது 6 மணி 36 நிமிடம். மணிக்கு 8 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்றால் கூடுதல் நேர விகிதம் 12 வெள்ளி. மாத இழப்பு 79 வெள்ளி 20 காசு. யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே இது நடந்துவிடும். ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவருக்கு அது சிறு தொகை அல்ல. விவரங்கள் அடங்கிய சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம். கூடுதல் நேர மணிகளும் அதில் இருக்க வேண்டும். அந்த எண்ணில் புள்ளிக்குப் பின் உள்ளது நிமிடமா, நூறில் ஒரு பங்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வோர் ஊழியரின் உரிமை. நிமிடங்களை 60ஆல் வகுத்துப் பார்த்தாலே சரிபார்த்துவிடலாம்.

நான்கிலக்கத்தில் நேரம் எழுதும் இடங்களிலும் இதே பொறி உண்டு. 0815இலிருந்து 0745ஐக் கழித்தால் 70 வரும். உண்மையில் கழிந்தது 30 நிமிடம்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாகச் சேமிக்கிறது. 8:00 என்பது உள்ளே 0.3333. அதை மணிக்கு 12 வெள்ளியால் பெருக்கினால் 96க்குப் பதில் 4 வரும். முதலில் 24ஆல் பெருக்க வேண்டும். மூன்று நாள் ஒன்பது ஒன்பது மணி கூட்டினால் 27க்குப் பதில் 3:00 என்று காட்டுவதும் இதனால்தான். காட்சி வடிவத்தை மாற்றினால் சரியாகும்.
2. கணினித் துறையினருக்குத் தெரிந்த யாமல் 1.1 என்ற கோப்பு வடிவத்தில், மேற்கோள் குறியின்றி 22:22 என்று எழுதினால் சில நிரல்கள் அதை அறுபதடிமான எண்ணாக வாசித்து 1342 ஆக்கிவிடும். 22 × 60 + 22. டாக்கர் என்ற மென்பொருளின் அமைப்புக் கோப்புகளில் போர்ட் (இணைப்பு வாயில்) எண்களை மேற்கோளுக்குள் எழுதச் சொல்வது இதற்காகவே. 2009இல் வந்த 1.2 பதிப்பு இந்த விதியை நீக்கிவிட்டது. பழைய நிரல்கள் இன்னும் ஓடுகின்றன.
3. வானியலர்கள் விண்மீன்களின் இடத்தை மணி-நிமிடம்-நொடி, பாகை-கலை-விகலை என்று இன்றும் எழுதுகிறார்கள்.

கடலுக்கு வந்தால் விளைவு பெரிது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் நிற்கும் பெட்ரா பிராங்காவை எடுத்துக்கொள்வோம். அனைத்துலக நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு அதன் இடத்தை வடக்கு 1°19′48″, கிழக்கு 104°24′27″ என்று குறிப்பிடுகிறது. அட்சரேகையை மாலுமி 1°19.8′ என்று எழுதுவார். கைப்பேசி வரைபடம் 1.33 என்று காட்டும். 19/60உம் 48/3600உம் கூட்டினால் மிகச் சரியாக 0.33 வருவதால் மூன்றும் ஒரே இடம். ஆனால் 1°19′48″ஐ யாராவது 1.1948 என்று தட்டச்சிட்டால், அது குறிக்கும் இடம் எட்டுக் கடல் மைலுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய்விடும்.

மாலுமிகள் கலையை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அட்சரேகையில் ஒரு கலைதான் ஒரு கடல் மைல் என்று தொடங்கியது. 1929 முதல் அது 1852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. 1°19.8′ என்றால் 79.8 கலை. வேறு எந்தக் கணக்கும் போடாமலே, அந்தத் தீவு பூமத்தியரேகையிலிருந்து கிட்டத்தட்ட 80 கடல் மைல் வடக்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பத்தாக்க முயன்றவர்கள்

பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793இல் நாளைப் பத்து மணியாகவும், மணியை நூறு நிமிடமாகவும், நிமிடத்தை நூறு நொடியாகவும் பிரித்துச் சட்டம் இயற்றியது. ஒரு புதிய மணி நம் கணக்கில் 144 நிமிடம். 1795 ஏப்ரலில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. அதே காலத்தில் பிறந்த மீட்டரும் கிலோகிராமும் உலகை வென்றன. ஊருக்கு ஊர் மாறிய எடையளவுகளால் மக்கள் அவதிப்பட்டார்கள். அங்கே சீர்திருத்தம் தேவைப்பட்டது. மணியும் நிமிடமும் ஏற்கெனவே எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருந்தன. இல்லாத நோய்க்கு மருந்தாகக் கடிகாரங்களை எல்லாம் மாற்றச் சொன்னால் யார் கேட்பார்கள்? கணினி வந்த பிறகு மாற்றுவதற்கான தேவையே குறைந்துவிட்டது. இயந்திரங்கள் உள்ளுக்குள் நொடிகளை வெறும் எண்ணாக எண்ணிக்கொண்டு, நமக்குக் காட்டும்போது மட்டும் அறுபதில் பிரித்துக் காட்டுகின்றன.

1967 முதல் நொடிக்கும் வானத்துக்கும் உள்ள உறவும் முறிந்தது. சீசியம்-133 அணு வெளியிடும் கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு நொடி. பூமியின் சுழற்சியோ அவ்வளவு சீரானது அல்ல. இரண்டையும் இணக்கமாக வைக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு லீப் நொடி சேர்க்கப்படுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் 61 நொடி. இதுவரை 27 முறை அப்படிச் சேர்த்தாயிற்று. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 இரவு, கிரீன்விச் கணக்கில். சிங்கப்பூரில் அது 2017 ஜனவரி 1 காலை 7:59:60.

நிமிடத்துக்கு 60 நொடி என்று நம்பி எழுதப்பட்ட கணினி நிரல்களை அந்த 61வது நொடி தடுமாற வைத்தது. 2022 நவம்பரில் எடை, அளவைகளுக்கான பொது மாநாடு 2035க்குள் அணுக் கடிகாரத்துக்கும் பூமிச் சுழற்சிக்கும் அனுமதிக்கப்படும் இடைவெளியைப் பெரிதாக்க முடிவு செய்தது. அது நடைமுறைக்கு வந்தால், ஒரு நொடி சேர்க்கும் வழக்கம் நெடுங்காலத்துக்குத் தேவைப்படாது. அதற்குள் இன்னொன்று அறிவிக்கப்பட்டால், வழக்கப்படி அது சிங்கப்பூரில் ஜனவரி அல்லது ஜூலை முதல் நாளன்று, காலை 7:59:59க்கும் 8:00:00க்கும் இடையே வரும்.